சிஷோமின் மண்டபங்கள்: பொதுக் கட்டடங்களும் அவற்றின் கதவுகளும்

சென்னைக் கடற்கரைச் சாலையில் செல்லும் எவரும் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோமின் கைவண்ணத்தைக் காணாமல் கடக்க இயலாது. மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம், சேப்பாக்கம் அரண்மனையின் இரு மாளிகைகளுக்கும் நடுவே எழும் கோபுரம் ஆகிய மூன்றும் ஒரே சாலையில் அடுத்தடுத்து நிற்கின்றன. சற்று வடக்கே சென்றால் தலைமை அஞ்சலகம். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி விக்டோரியா பொது மண்டபம். பாரம்பரிய நடை என்ற பெயரில் இக்கட்டடங்களைச் சுற்றிக் காட்டுவோர் சிவப்புச் செங்கல்லையும் கவிமாடத்தையும் வண்ணக் கண்ணாடியையும் வியந்து பேசுவர். அவ்வியப்பில் எமக்கும் பங்குண்டு. ஆயினும் ஒரு கட்டடத்தைப் பொதுக் கட்டடம் என்று அழைக்கும்போது அந்தப் பொதுவில் யார் யார் அடங்கினர் என்று கேட்பது சட்டம் பயின்ற எமது வழக்கம். சிஷோமின் வாழ்க்கையை அக்கேள்வியோடு வாசிக்க முயல்கிறோம்.

சிஷோம் 1840ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். இருபது வயதையொட்டி இந்தியாவுக்கு வந்து வங்காளப் பொதுப்பணித் துறையில் பணியேற்றார். சிப்பாய்ப் புரட்சி ஒடுக்கப்பட்டு, கும்பினியின் ஆட்சி பிரிட்டிஷ் அரசியின் நேரடி ஆட்சியாக மாறியிருந்த காலம் அது. கணக்குப் பேரேடுகளோடு வந்த வணிகர் ஆட்சி, சட்டப் புத்தகங்களோடும் கல்லூரிகளோடும் அஞ்சலகங்களோடும் நிலைபெறத் தொடங்கியிருந்தது. அவ்வாட்சிக்குக் கட்டடங்கள் தேவைப்பட்டன. அதுவரை அவற்றை வரைந்தவர்கள் பெரும்பாலும் இராணுவப் பொறியாளர்கள். 1864ஆம் ஆண்டு சென்னை அரசு மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக மண்டபத்துக்கும் வரைபடங்கள் கேட்டுப் போட்டி ஒன்றை அறிவித்தது. இருபத்து நான்கு வயதே நிரம்பிய சிஷோமின் வரைபடங்கள் அதில் வென்றன. அவர் சென்னைக்கு வந்தார். பின்னர் சென்னை அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞரானார். 1886 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

மாநிலக் கல்லூரிக்கு 1867இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1870இல் கட்டடம் திறக்கப்பட்டது. இத்தாலிய மாளிகைகளின் சாயலே அதில் மேலோங்கியிருக்கிறது. இளம் சிஷோம் தாம் இலண்டனில் கற்றதையே இங்கு வரைந்தார் என்பதை அதன் தூண்களும் வளைவுகளும் காட்டிக்கொடுக்கின்றன. அந்த வரைபடத்தில் இந்தியா அதிகமில்லை.

மாற்றம் சேப்பாக்கத்தில் நிகழ்ந்தது. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா 1768இல் எழுப்பிய அரண்மனை அது. கடைசி நவாபு 1855இல் வாரிசின்றி இறந்ததும் கும்பினி அப்பட்டத்தையே ஒழித்தது. அரண்மனை ஏலத்துக்கு வந்து அரசின் கைக்குப் போயிற்று. வருவாய் வாரியத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் ஏற்ப அதை மாற்றியமைக்கும் பணி சிஷோமிடம் தரப்பட்டது. கலச மகால், உமாயூன் மகால் ஆகிய இரு மாளிகைகளுக்கும் இடையில் அவர் ஒரு கோபுரத்தை எழுப்பினார். நவாபின் கட்டடத்தோடு பொருந்தவேண்டிய தேவை அவரை இசுலாமியக் கட்டட மரபின்பால் திருப்பியது. வரி தண்டும் அலுவலகம் ஒன்று நவாபு மாளிகையின் தோற்றத்திலேயே தொடர்ந்ததில் ஓர் அரசியல் பொருத்தமும் இருந்தது. ஆள்பவர் மாறினார், வரி கட்டுபவர் மாறவில்லை.

இத்திருப்பத்துக்கு ஆளுநர் நேப்பியர் பிரபுவின் ஆதரவு பெரிதும் உதவியது. 1866 முதல் 1872 வரை சென்னையை ஆண்ட நேப்பியர், இந்நாட்டின் பொதுக் கட்டடங்களுக்கு இசுலாமியர் கண்ட வளைவும் கவிமாடமுமே ஏற்றவை என்று 1870இல் ஓர் உரையில் வாதிட்டார். பின்னாளில் இந்தோ சாரசெனிக் என்று பெயர்பெற்ற பாணிக்கு அரசு ஏற்பு அவ்வாறு கிடைத்தது. மதுரையில் இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் அரண்மனையைப் பழுதுபார்க்கும் பணியும் நேப்பியர் காலத்தில் தொடங்கிற்று. சிஷோம் அதை அளந்து ஆராய்ந்து அதைப் பற்றி எழுதவும் செய்தார். அரசன் கொலுவிருந்த அம்மண்டபத்தில் பின்னர் நெடுங்காலம் மாவட்ட நீதிமன்றம் இயங்கியது. ஆதிக்கத்தின் பழைய தோற்றத்துக்குள் புதிய ஆதிக்கத்தைக் குடியமர்த்துவது எளிது என்பதை இங்கிலாந்து அதிகாரிகள் நன்கறிந்திருந்தனர். கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் இதை இரு பண்பாடுகளின் சந்திப்பு என்று எழுதுவதுண்டு. எமக்கு அது ஒரு நிலமானிய ஒழுங்கு மற்றொன்றிடம் சாவியை ஒப்படைத்த காட்சியாகவும் தெரிகிறது.

நீலகிரியிலும் சிஷோம் கட்டினார். உதகை நூலகமும், லவ்டேலில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான லாரன்ஸ் காப்பகமும் அவருடைய வரைபடங்களில் எழுந்தவை. அதே மலைகளின் அரசுப் பணிகளிலும் சிங்கோனாத் தோட்டங்களிலும் அக்காலத்தில் மலாய்க் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் உழைத்தனர். அவர்களுள் சிலர் விடுதலைக்குப் பின் அங்கேயே தங்கி, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த தமிழ்ப் பெண்களை மணந்து வாழ்ந்ததை எட்கர் தர்ஸ்டன் பதிவுசெய்திருக்கிறார். தலை அளவையும் மூக்கு அளவையும் எடுப்பதற்காகவே அவர் அக்குடும்பங்களிடம் சென்றார் என்பது வேறு செய்தி. மலையில் எழுந்த காலனியக் கட்டடங்களுக்குப் பின்னே இப்படியும் ஓர் உழைப்பாளர் உலகம் இருந்தது.

சிஷோமின் ஆகச் சிறந்த படைப்பு என்று பலரும் ஒப்புவது செனட் மண்டபமே. 1874இல் தொடங்கி 1879இல் முடிந்தது. பைசாந்தியக் கவிமாடங்களும் சாரசெனிய வளைவுகளும் தென்னிந்தியச் செதுக்குத் தூண்களும் ஒன்றோடொன்று முரணாமல் அதில் நிற்கின்றன. நடுவே தூணே குறுக்கிடாத பெருங்கூடம். நான்கு மூலைகளிலும் கோபுரங்கள். கடற்காற்றைத் தடுக்காமல் வெயிலை மட்டும் தடுக்கும் நீண்ட தாழ்வாரங்கள். பட்டமளிப்புக்கென்றே ஒரு நகரம் இத்தகைய மண்டபத்தை எழுப்பியது என்பது எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளான எம்மைச் சற்று நிற்க வைக்கிறது.

அந்த ஐந்தாண்டுகளின் நடுவில் விழுந்தது 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சம். மண்டபத்தின் சுவர்கள் உயர்ந்துகொண்டிருந்தபோது மாகாணத்தின் உள்மாவட்டங்களிலிருந்து மக்கள் பட்டினியால் பெயர்ந்து சென்னையை நோக்கி நடந்தனர். 1877 சனவரியில் டெல்லியில் அரசிக்குப் பேரரசிப் பட்டம் சூட்டும் தர்பார் நடந்தது. அதே மாதத்தில் நிவாரண வேலையில் ஈடுபட்டோரின் கூலியை ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறைக் காசும்; பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதனினும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலை அந்த உணவு காப்பாற்றாது என்று எண்களோடு வாதிட்டார். சில மாதங்களில் அளவு ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் இறந்தவர்கள் இறந்துபோயினர்.

செனட் மண்டபத்துக்கும் மாநிலக் கல்லூரிக்கும் பின்புறம், இன்று பறக்கும் ரயில் செல்லும் தடத்தின் கீழே, ஒரு கால்வாய் ஓடுகிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்த எட்டுக் கிலோமீட்டர் நீளத்தை 1877, 1878 ஆண்டுகளில் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. மண்டபம் கடலை நோக்கி நிற்கிறது; அதன் முதுகுக்குப் பின்னே பசித்தவர்கள் மண் சுமந்தார்கள். இரண்டும் ஒரே ஆண்டுகளில், கூப்பிடு தொலைவில் நடந்தவை. செனட் மண்டபத்தைப் பற்றிய அழகிய படப் புத்தகங்களில் இக்கால்வாயைத் தேடினோம், கண்ணில் படவில்லை.

சேலத்துக்கு வடக்கே, ஏற்காட்டு மலையடிவாரத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து இதை எழுதும் எமக்கு அப்பஞ்சம் தொலைதூரச் செய்தியன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1881இல் 16 லட்சத்தை எட்டவில்லை. மாகாணத்திலேயே பேரழிவைச் சந்தித்த மாவட்டங்களுள் எங்கள் மாவட்டமும் ஒன்று. இத்தனைக்கும் 1862க்குள்ளாகவே சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் இருப்புப்பாதை சேலத்தைக் கடந்து போயிருந்தது. தானியம் வர வழி இருந்தது. வாங்கக் கையில் காசு இல்லை. நிலமற்ற பண்ணையாட்களும் தறிநெய்வோரும் முதலில் வீழ்ந்தனர். நிலமற்றோரில் பெரும்பகுதி எச்சாதிகளைச் சேர்ந்தது என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1877இல் சிஷோம் மற்றொரு பொறுப்பையும் ஏற்றார். அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய சென்னைக் கலைத்தொழிற் பள்ளிக்கு அவர் 1883 வரை கண்காணிப்பாளராக இருந்தார். இந்தியக் கைவினைஞர்களின் திறமையில் அவருக்கு உண்மையான மதிப்பு இருந்தது. ஐரோப்பாவில் மறைந்துகொண்டிருந்த கைத்திறம் இங்கு உயிரோடிருக்கிறது, கட்டடக் கலைஞன் மேஸ்திரியிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. அவருடைய காலத்து வெள்ளை அதிகாரிகளிடையே இது அரிதான பண்பு. இதை மறுப்பது நேர்மையாகாது.

எனினும் அம்மதிப்பின் எல்லை எங்கே முடிந்தது என்று பார்க்கவேண்டும். கைவினைஞர் என்று அவர் கருதியது கல்தச்சரை, மரத்தச்சரை, கொல்லரை, கன்னாரை. பரம்பரைத் தொழிலும் பட்டறையும் தமக்கெனச் சாத்திரமும் உடையவர்களை. அவர்களுக்கும் சாதிய அடுக்கில் நியாயமான இடம் கிடைத்துவிடவில்லை என்பது உண்மைதான். அவர்களுக்குக் கீழே ஒரு பெரும் உழைப்பு இருந்தது. கடைக்கால் தோண்டுவது, கருங்கல் உடைப்பது, செங்கல் அறுப்பது, சூளையில் சுண்ணாம்பு வேகவைப்பது, கலவை சுமப்பது. இது திறமை என்று எவராலும் எண்ணப்படவில்லை. சிஷோமின் கண்ணும் அதில் விதிவிலக்காகத் தெரியவில்லை.

அது திறமையா இல்லையா என்பதை அக்காலச் சென்னைக் கட்டடங்களின் மேல்தளத்தைப் பார்த்தாலே அறியலாம். மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் இன்றும் சொல்லும் தளம் அது. தேக்குச் சட்டங்களை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மீது ஆச்சிக்கல் எனப்படும் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்வரிசையில் சுண்ணாம்புக் கலவையில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடிப்பார்கள். எவ்வளவு நேரம் அடித்தால் காரை இறுகும், எப்போது நிறுத்தாவிட்டால் வெடிக்கும் என்பது அப்பெண்களின் கைக்குத் தெரியும். சுவர்ப்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை நன்றாக அரைத்து, முட்டை வெண்கருவும் தயிரும் சேர்த்து, சலவைக்கல் போல் மின்னும்வரை தேய்ப்பதும் அப்படியே. நூறாண்டு மழையைத் தாங்கிய தளங்கள் அவை. இக்கட்டடங்களைப் பழுதுபார்க்க முனைவோர் அந்தக் கலவையின் விகிதத்தை அறிந்த கைகளைத் தேடி அலைவதை அறிவோம்.

ஒப்பந்தக்காரரின் பெயர் நமக்குக் கிடைக்கிறது. விக்டோரியா மண்டபத்தையும் உயர் நீதிமன்றத்தையும் கட்டிய தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டியாரின் வாழ்க்கை நூல்களிலும் நாளேடுகளிலும் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது, எழுதப்பட வேண்டியதுதான். அவருடைய வேலைக்களத்தில் காரை அடித்த ஒரு பெண்ணின் பெயர்கூட நமக்குத் தெரியாது. எங்கள் பகுதியின் சேரித் தெருக்களிலிருந்து இன்றும் விடியற்காலையில் சித்தாள் வேலைக்குப் பெண்கள் கிளம்புகிறார்கள். கொத்தனாரின் பாதிக் கூலியை ஒட்டிய கூலி. சாரத்தில் ஏறிக் கலவை தந்தாலும் திறனற்ற தொழிலாளர் என்ற வகைப்பாடு. நலவாரியப் பதிவுக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் மனு எழுதித் தரும்போது அந்தச் சொல்லை நிரப்ப எமக்குக் கை கூசுகிறது. திறனற்றவர் என்ற அச்சொல்லுக்குப் பின்னே நெடிய வரலாறு இருக்கிறது.

செனட் மண்டபமும் மாநிலக் கல்லூரியும் நிற்கும் சாலையின் எதிர்ப்புறம், கடற்கரையில் உழைப்பாளர் சிலை நிற்பதை வாசகர் அறிவர். பெரும்பாறையை நெம்பும் நால்வர். 1959இல் அங்கு நிறுவப்பட்ட அச்சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சிஷோம் ஒருகாலத்தில் தலைமை வகித்த அதே கலைப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். சிஷோம் விட்ட இடத்தை அவருடைய நாற்காலிக்கு வந்த ஒருவர் ஓரளவு நிரப்பினார் எனலாம். ஓரளவுதான். அந்த நால்வரும் ஆண்கள்.

திருவிதாங்கூரில் சிஷோம் வேறொரு முயற்சியில் இறங்கினார். திருவனந்தபுரத்தில் 1880இல் கட்டிமுடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகத்துக்கு அவர் நவாபுகளின் கவிமாடத்தைக் கொண்டுசெல்லவில்லை. மலையாள நாட்டு மரவேலையையும், கனமழையை வழியவிடும் செங்குத்தான ஓட்டுக்கூரைகளையும் ஊன்றிப் பார்த்து, அம்மரபிலேயே வரைந்தார். உள்ளே காற்று தானே உலவும்படி சுவர்களை அமைத்தார். ஓர் இடத்தின் மழையையும் வெயிலையும் மரத்தையும் அந்த இடத்துக் கைகளையும் மதித்து எழுப்பிய கட்டடம் என்ற வகையில், செனட் மண்டபத்தைவிட இதுவே அவருடைய முதிர்ந்த படைப்பு என்பது எங்கள் கருத்து. அம்மண்ணின் மரபை அவ்வளவு கூர்ந்து கவனித்தவரின் காலத்தில் அதே மண்ணில் தெருவின் நிலை என்னவாக இருந்தது? அருங்காட்சியகம் கட்டப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1893இல், அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் செல்வதையே ஒரு போராட்டமாக நடத்தவேண்டியிருந்தது. தெருவே மூடிக்கிடந்த நாட்டில் அருங்காட்சியகத்தின் கதவு யாருக்குத் திறந்திருக்கும்?

1880களில் சென்னைத் தலைமை அஞ்சலகம் நிறைவுற்றது. பின்னர் விக்டோரியா பொது மண்டபம். நகரத்தார் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்று செல்வந்தர்களின் நன்கொடையில் திட்டமிடப்பட்டு, 1883இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1890ஐ ஒட்டிக் கட்டிமுடிந்தது. நாடகங்களும் பொதுக்கூட்டங்களும் அங்கு நடந்தன. சிஷோமின் கட்டடங்களுள் எம் வரலாற்றோடு முதலில் நேருக்குநேர் மோதியது இதுதான். 1892 ஏப்ரலில் சென்னை மகாஜன சபையின் கூட்டம் அம்மண்டபத்தில் நடந்தது. நீலகிரியின் பிரதிநிதியாக அயோத்திதாசப் பண்டிதர் கலந்துகொண்டார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிவன் கோயில், விஷ்ணு கோயில் நுழைவு ஏன் இல்லை என்று அவர் எழுப்பிய கேள்விக்கு அவையிலிருந்தோர் கொதித்தெழுந்தனர். உங்களுக்கென்று வேறு சாமிகள் உண்டு என்று தஞ்சையிலிருந்து வந்த பிரதிநிதி பதிலளித்தார். அப்படியானால் உங்கள் சாமிகள் எமக்கு வேண்டாம் என்று அதை ஒதுக்கிவிட்டு, கல்வியையும் நிலத்தையும் அயோத்திதாசர் கேட்டார். எம் மக்களின் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் தரிசு நிலமும் தரப்படவேண்டும் என்ற கோரிக்கைகளாக அவை வடிவம் பெற்றன. அனைவருக்குமான மண்டபம் என்று எழுப்பப்பட்ட கூடத்தின் கூரைக்குக் கீழே, அனைவர் என்ற சொல்லுக்கு அன்றுதான் விசாரணை நடந்தது. சிஷோம் அப்போது சென்னை அரசுப் பணியிலிருந்து விலகியிருந்தார்.

விலகியவர் பெரும்பாலும் பரோடாவில் பணியாற்றினார். அங்கு மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாடுக்கு லட்சுமி விலாஸ் அரண்மனையை வரைந்தவர் சார்லஸ் மான்ட் என்னும் இராணுவப் பொறியாளர். தம்முடைய கணக்குகள் பிழைபட்டுக் கட்டடங்கள் இடிந்து விழும் என்ற அச்சத்தில் மனம் கலங்கி அவர் 1881இல் இறந்தார். அவர் விட்ட பணியைச் சிஷோம் ஏற்று 1890இல் முடித்தார். அக்கட்டடம் இன்றும் அசையாமல் நிற்கிறது. பரோடாக் கல்லூரியின் பெருங்கவிமாடம் சிஷோமுடையது. இந்தியாவின் மிகப்பெரிய கவிமாடங்களுள் அதுவும் ஒன்று. பின்னாளில் நீதிமன்றமாகப் பயன்பட்ட நியாய மந்திரும், காமாத்தி பாக் என்னும் பொதுப்பூங்காவில் மான்ட்டின் வரைபடத்தோடு இணைத்து எழுப்பப்பட்டு 1894இல் நிறைவுற்ற அருங்காட்சியகமும் அவர் கை பட்டவையே. ரங்கூனின் திருத்துவப் பேராலயத்துக்கும் அவரே வரைபடம் தந்தார். தமிழ், தெலுங்குக் கூலிகள் கப்பல் கப்பலாகச் சென்று இறங்கிய துறைமுக நகரம் அது.

இருபதாம் நூற்றாண்டின் திருப்பத்தில் என்று சொல்லும்படியாக, 1900களின் தொடக்கத்தில் அவர் இங்கிலாந்து திரும்பினார். இலண்டனின் ஸ்லோன் தெருவை அடுத்து ஒரு கிறித்தவப் பிரிவினருக்காக அவர் கட்டிய தேவாலயம் இன்று கடோகன் ஹால் என்ற பெயரில் இசையரங்காக இயங்குகிறது. அதன் கோபுரத்தில் பைசாந்தியச் சாயலைக் காண்பவர், செனட் மண்டபத்தை நினைவுகூர வாய்ப்புண்டு. 1915இல் சிஷோம் காலமானார்.

அவர் இறந்து இரண்டாண்டுகள் கழித்து, 1917 செப்டம்பரில், அண்ணல் அம்பேத்கர் பரோடா நிலையத்தில் இறங்கினார். சாயாஜிராவின் உதவித்தொகையில் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்றவர், ஒப்பந்தப்படி அவ்வரசில் பணியாற்ற வந்திருந்தார். சாயாஜிராவைப் போன்ற மன்னர் அன்று இந்தியாவில் வேறில்லை எனலாம். தீண்டப்படாதோருக்குப் பள்ளிகள் திறந்தவர், 1906இல் தம் அரசு முழுவதும் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தவர். அத்தகைய மன்னரின் தலைநகரில் அண்ணலுக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. இந்து விடுதிகளில் இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் பதிந்து தங்கினார். பதினோராம் நாள் கையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து மாடிப்படியில் நின்றது. மாலைக்குள் வெளியேறவேண்டும் என்றனர். நண்பர்கள் இருவரிடம் கேட்டுப் பார்த்தார். இருவரும் நயமாகக் கைவிரித்தனர். இரவு ரயில் புறப்படும்வரை இருக்க இடமின்றி அவர் சென்று அமர்ந்தது காமாத்தி பாக் பூங்காவில். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அங்கிருந்தார், கண்ணீர் விட்டார்.

சிஷோமின் அருங்காட்சியகம் நிற்கும் அதே பூங்கா. அரண்மனை, கல்லூரி, நீதிமன்றம், அருங்காட்சியகம் என்று நகரெங்கும் அவருடைய கூரைகள் பரந்திருந்தன. சுவரில்லாத ஓரிடம் மட்டுமே அன்று அண்ணலை வெளியே போ என்று சொல்லவில்லை. இதற்குக் கட்டடக் கலைஞரைக் குற்றம் சாட்டுவது பொருந்தாது. அறையை மறுத்தவர்கள் ஊரார். ஆனால் அழகிய கட்டடங்களைக் கொண்டு ஒரு நகரத்தின் நாகரிகத்தை அளப்பவர்கள் இந்த ஐந்து மணி நேரத்தையும் அளவுகோலில் சேர்க்கவேண்டும்.

சென்னையில் கதவுகள் சட்டத்தின் வழியாகத் திறக்கத் தொடங்கின. சட்டமன்ற மேலவையில் 1923இல் நியமனம் பெற்ற இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலைகளிலும் கிணறுகளிலும் குளங்களிலும் பொது அலுவலகங்களிலும் பொதுமக்கள் கூடும் இடங்களிலும் எந்த வகுப்பினரும் தடையின்றிச் செல்லலாம் என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1925 பிப்ரவரியில் அது அரசாணையாக வெளிவந்தது. தெருவையும் கிணற்றையும் மட்டும் அவர் கேட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். பொது அலுவல் நடக்கும் கட்டடங்களையும் அவர் பெயர்சொல்லிக் கேட்டார் என்பதைச் சட்ட மாணவர்கள் கவனிக்கவேண்டும். அரசின் பணத்தால் பேணப்படும் கிணறு, குளம், சாலை, பொதுமக்கள் கூடும் இடம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் உறுப்பு அடுக்கும் பட்டியலை வாசிக்கும்போது, கால் நூற்றாண்டுக்கு முந்தைய அத்தீர்மானத்தின் எதிரொலி எமக்குக் கேட்கிறது. பொதுப்பணித் துறை செங்கல்லால் பொது என்று எழுதியதை, சீனிவாசன் சட்டத்தின் சொல்லாக மாற்றி எழுதினார்.

1937இல் மாகாணத் தன்னாட்சியின்கீழ் தேர்தல் நடந்தபோது சென்னைச் சட்டமன்றப் பேரவையின் 215 இடங்களில் 30 இடங்கள் பூனா ஒப்பந்தத்தின்படி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. கூடியிருக்கப் போதிய அவைக்கூடம் கோட்டையில் இல்லாததால், அவ்வாண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை பேரவை செனட் மண்டபத்தில் கூடியது. பட்டங்கள் வழங்குவதற்காகச் சிஷோம் எழுப்பிய, பஞ்சத்தின் ஆண்டுகளில் சுவர் உயர்ந்த அதே கூடத்தில், சேரிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் உட்கார்ந்து வரவுசெலவுத் திட்டத்தை விவாதித்தனர். வி. ஐ. முனுசாமிப் பிள்ளை அமைச்சராக இருந்தார். எம். சி. ராஜா உறுப்பினராக இருந்தார். ஜெ. சிவசண்முகம் பிள்ளையும் இருந்தார்; அதே ஆண்டில் சென்னை மாநகரின் மேயரான அவர், 1946இல் அப்பேரவையின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1938 சனவரியில் பேரவை அரசினர் தோட்டத்து விருந்து மண்டபத்துக்கு இடம் மாறியது. செனட் மண்டபத்துக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. அக்கட்டடத்தின் வழிகாட்டி ஏடுகளை இனி எழுதுவோர் அவற்றையும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள பொதுப்பணித் துறைக் கோப்புகளின் கூலிக் கணக்குகளையும் சேர்த்துப் படித்துவிட்டு எழுதவேண்டும் என்று கேட்கிறோம்.